மாஸ்டரின் ஆடாத படம்

"நான் பிரேக்கை அழுத்தவே இல்லைன்னு சொல்றேன், நீ கேக்கவே மாட்டேங்கிற!"

"அழுத்தாமத்தான் படம் ஆடிச்சா? உள்ள பூகம்பமா வந்துச்சு?"

"அந்தச் சத்தத்துல நீ போய்ப் படுத்துப் பாரு, தெரியும்!"

"எனக்கு இருந்தா நான் கட்டை மாதிரி கிடப்பேன். உங்களுக்குத்தானே தலைக்குள்ள வந்து தொலைச்சிருக்கு!"

வாடகை வண்டியிலிருந்து இறங்குவதற்குள்ளேயே சண்டை தெருமுனை வரை கேட்டது. நான் ஏற்கெனவே துடைத்த ஜன்னலை இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் ஜன்னல்கள் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் மாஸ்டரும் அக்காவும்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அக்கா அவர் மனைவி, எனக்குப் பக்கத்து வீடு. வீட்டின் முன்னறைதான் ஸ்கூல். வண்டி கற்றுக்கொடுக்கிறவருக்குத் தன் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் சுவரைப் பார்த்துப் போகும்போது இவர் அதை அழுத்துவார். காலமெல்லாம் அழுத்தி அழுத்தி அந்த வலது கால் தனி மனுஷனாகிவிட்டது. பஸ்ஸில் போனால் அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் அழுத்தும். ஒருநாள் நான் தையல் மெஷினை வேகமாக மிதித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. மரியாதைக்காக நானும் வேகத்தைக் குறைத்தேன்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பாடம் நடக்கும்போதே வலது என்பதற்கு இடது என்று சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் வலிப்பு. தலைக்குள் கட்டி என்றார்கள். வெட்டினார்கள், கதிர் பாய்ச்சினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கட்டி போன மாதிரி போய்விட்டுத் திரும்பி வந்தது. கடைசியாக மூளைக்கட்டி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே புதிதாக ஒரு வைத்தியத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குத் துணைக்கு நான் போனேன். என்னைக் கூப்பிட்டாளா என்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். என் ஓரகத்தி மகள் அந்த நிலையத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தாள். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு துறைகளுக்கு நடுவில் செய்தி கொண்டுபோவதுதான் வேலை. வீட்டில் அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் சின்ன வயதிலிருந்தே செய்த வேலை என்பதால் சுலபமாகப் பழகிவிட்டாள்.

மேல்மாடியில் மரபணுத் துறை. அதன் தலைவி உயரமான அம்மா. எங்கள் தெருவில் அவர் பெயர் ஊசி டாக்டரம்மா.

"ஒரு வைரஸை எடுத்து அதோட கெட்ட புத்தியெல்லாம் நீக்கிட்டோம்," என்று விளக்கினார். "அது முதுகுல ஒரு மரபணுவை ஏத்தி, மெல்லிசான குழாய் வழியா நேரா கட்டிக்குள்ள இறக்கிவிடுவோம். அந்த மரபணு உள்ள போய், கட்டி தன்னைத்தானே அழிச்சுக்கிற மாதிரி பண்ணும்."

"சரியான இடத்துல நிக்குமா? தாண்டிப் போயிடாதே?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அதுக்குத்தான் படம். படம் தெளிவா இருந்தா குழாய் எங்க போகணுமோ அங்க போகும்."

ஒரே ஒரு நிபந்தனை. கட்டி எலுமிச்சம்பழ அளவைத் தாண்டிவிட்டால் இந்த ஆராய்ச்சியில் இடம் கிடையாது. வேறு வைத்தியமும் கிடையாது. மாஸ்டருடையது அப்போது எலுமிச்சைக்குக் கொஞ்சம் சின்னது. அன்றிலிருந்து அக்கா காய்கறிக் கடையில் எலுமிச்சம்பழம் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

என் ஓரகத்தி மகள் பாடம் ஒப்பிப்பது போல ஒன்று சொன்னாள்: "நீங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். விலகிட்டா உங்க படத்தைக்கூட நாங்க யாருக்கும் காட்ட முடியாது." அக்கா தலையாட்டினாள். நாங்கள் எதற்கு விலகப்போகிறோம்!

தரைத்தளத்தில் படத் துறை. கம்பளம், குளிர், கிசுகிசுப் பேச்சு. அதன் தலைவரை நாங்கள் ஃபோட்டோ டாக்டர் என்போம். அங்கே சுரங்கம் மாதிரி ஒரு காந்த மெஷின். உள்ளே படுத்தால் கியர் போடத் தெரியாத ஆள் வண்டி ஓட்டுகிற மாதிரி கரகரவென்று சத்தம் வரும். மாஸ்டரின் கால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? அழுத்தியது. உடம்பு குலுங்கியது. படம் ஆடியது. அந்தச் சண்டைதான் தெருவில் கேட்டது.

நிலையம் உடனே நடவடிக்கை எடுத்தது. மாஸ்டரை அசைவின்மைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சி அறையில் பலகையால் செய்த பொய்ச் சுரங்கம் ஒன்று இருந்தது. ஒலிபெருக்கியில் மெஷின் சத்தம். அசைவின்மை ஆலோசகர் என்று ஒருவர், கையில் பேனாவைக் கிளிக் கிளிக்கென்று அமுக்கியபடி, சுவருக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டே பேசினார்.

"அசையாம இருக்கிறது ஒரு மனநிலை. அதை உள்ளுக்குள்ள வளர்த்துக்கணும். இந்தப் பொறுப்புக்கு வந்ததிலிருந்து நான் ஒரு இடத்துல உட்கார்ந்ததே இல்லை, அவ்வளவு வேலை. அசைவின்மைக்காக இந்த உலகத்துல நான் போகாத கருத்தரங்கு இல்லை."

"தம்பி, நீங்க கொஞ்சம் நின்னா எனக்குத் தலை சுத்தாது," என்றார் சுரங்கத்துக்குள்ளிருந்து மாஸ்டர்.

முடிவில் சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கினார்கள். ஆலோசகர் குலுக்கிய குலுக்கில் மாஸ்டரின் கண்ணாடி கீழே விழுந்தது.

இரண்டாவது படத்தில் காதோரம் மட்டும் லேசாக ஆட்டம். கட்டி தெளிவாக இருந்தது. ஊசி டாக்டரம்மா லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி வந்தார். எங்கள் எதிரிலேயே தொடங்கிவிட்டது.

"இது போதும். எனக்குக் காது வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம். படத்துக்கு வேணும்," என்றார் ஃபோட்டோ டாக்டர்.

"அந்த ஆளுக்கு நேரம் இல்லை, டாக்டர்."

"நீங்க கட்டியைப் பாக்கறீங்க, நான் படத்தைப் பாக்கறேன். கட்டி இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். ஆளும் அப்படித்தான். படம் நிலைச்சு நிக்கும். காது ஆடின படத்தை என் துறை வெளிய விட்டுச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"என் வைரஸ் குளிர்பெட்டிக்குள்ள கிடக்குது! அதுக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குப் புரியுதா? தினம் நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். பாவம், பிறந்ததுலேருந்து அதுக்கு ஒரு வேலை கிடைக்கலை."

அக்கா என் காதில் சொன்னாள்: "இவரை யாராவது தினம் பாக்கறாங்களாடி?"

அப்படியானால் மயக்க ஊசி போட்டுப் படம் எடுக்கலாமே என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அதற்கு மயக்க மருந்துத் துறை அனுமதி வேண்டும். தலையில் கட்டியுள்ளவருக்கு மயக்கம் கொடுக்கத் தெளிவான புதுப் படம் வேண்டும் என்றது மயக்கத் துறை. தெளிவான படம் எடுக்க மயக்கம் வேண்டும் என்றது படத் துறை. இரண்டு துறைகளும் பணிவாகத்தான் பேசின, நியாயமாகத்தான் பேசின. என் ஓரகத்தி மகள் இரண்டுக்கும் நடுவில் நடந்து நடந்து செருப்பு மாற்றினாள்.

அடுத்து, கால் விவகாரத்துக்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். காலை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். போனோம்.

"கால் மட்டும் உள்ள வந்தா போதும்மா, நீங்க வெளிய இருங்க," என்றார் வாசலில் நின்றவர்.

"கால் மட்டும் எப்படிப்பா வரும்? நான்தான் எடுத்துட்டு வரணும்," என்று மாஸ்டர் உள்ளே போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைச் சுற்றி நின்று பேசினார்கள். சுரங்கத்துக்குள் ஒரு பொய்ப் பிரேக் வைத்துவிட்டால் கால் திருப்தியடையும் என்றார் ஒருவர். காந்தம் இரும்பை இழுத்துவிடும் என்றார் இன்னொருவர். மரத்தில் செய்யலாம் என்றார் மூன்றாமவர். எந்த மரம் என்று ஆராய இன்னொரு குழு வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. தேநீர் வந்தது. மாஸ்டருக்குக் கொடுத்த கோப்பை அவர் வலது கையிலிருந்து நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. குழு காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னது, கால் நனைந்துவிடுமாம்.

வீட்டில் மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடப்பார். லேசாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்பதை நான் என் வீட்டிலிருந்தே சத்தத்தில் கண்டுகொண்டேன். அக்காவும் உட்காரமாட்டாள். போன் பக்கத்தில் நிற்பாள், வாசலுக்கு வருவாள், என்னைப் பார்த்ததும், "என்னடி பாக்கற, வேலை இல்லையா உனக்கு?" என்பாள். பிறகு அவளே வந்து என் வீட்டில் நிற்பாள். கட்டி எலுமிச்சையை நெருங்கிவிட்டது என்று ஓரகத்தி மகள் சொன்ன அன்று அக்கா அழவில்லை. என் சமையலறைப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள். அவற்றை நான் ஏற்கெனவே தேய்த்திருந்தேன்.

மர ஆராய்ச்சி முடிவதற்குள் மூன்றாவது படத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை அதிசயம் நடந்தது. மெஷின் கத்தியது, கரகரத்தது, உறுமியது. மாஸ்டர் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த மெஷின் ஓட்டுகிற பையன் எழுந்து நின்றுவிட்டான். காது, மூக்கு, கட்டி, எல்லாம் கத்தியால் கீறின மாதிரி தெளிவு. ஃபோட்டோ டாக்டர் கை தட்டினார். துறையே கை தட்டியது. அசைவின்மை ஆலோசகர் ஓடி வந்து, "என் மாணவர்!" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் மாஸ்டருக்கு ஒரே பெருமை.

"பாத்தியா? முடியும்னு சொன்னேன்ல! நீதான் என்னை நம்பல."

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே வந்தது. டிரைவர் சடாரென்று நிறுத்தினார். பழக்கதோஷத்தில் அக்காவின் கை மாஸ்டரின் முழங்காலுக்குப் போனது, வழக்கமாக அங்கே ஒரு உதறல் வருமே, அதைப் பிடிக்க. உதறல் வரவில்லை. கால் கிடந்தபடி கிடந்தது. அக்கா கையை எடுக்கவே இல்லை. வீடு வந்து மாஸ்டர் இறங்கி, சுவரைப் பிடித்து உள்ளே போய்விட்டார். வலது கால் செருப்பு வண்டியிலேயே கிடந்தது. அது இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கால் செத்துக்கொண்டு வருகிறது என்று நிலையத்துக்குப் போன் செய்தாள். ஓரகத்தி மகள் செய்தியைக் கொண்டுபோனாள், பதிலைக் கொண்டுவந்தாள். படத் துறை சொன்னது: அசைவு குறைந்தது வரவேற்கத்தக்கது.

"சரி, படம்தான் வந்துடுச்சே. ஊசி என்னைக்கு?"

"அதுல ஒரு சின்ன சிக்கல்," என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு. "படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்காங்க. எல்லா நிலையங்களும் கலந்துக்கிற போட்டி. முடிவு வர்ற வரைக்கும் படத்தை வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாதாம்."

"வேற எதுக்கும்னா?"

"ஊசி போடறதும் வேற எதுக்கோதானாம்."

அதற்குள் விழாவுக்கு அழைப்பு வந்தது. படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி நிலையத்தின் முன்கூடத்தில் மாட்டி, துணியால் மூடி வைத்திருந்தார்கள். மாஸ்டர் சிறப்பு விருந்தினர். இரண்டு கையாலும் அவரைத் தாங்கி முன்வரிசையில் உட்காரவைத்தோம். இயக்குநர் பேச எழுந்தார்.

"இந்த நிலையம் ஆரம்பிச்ச காலத்துல எங்ககிட்ட என்ன இருந்துச்சு? நோயாளிகள் மட்டும்தான் இருந்தாங்க. வேற ஒண்ணுமே கிடையாது. இன்னைக்கு எங்ககிட்ட படங்கள் இருக்கு! நோயாளி இல்லாமலே ஆராய்ச்சி நடக்கிற நாளும் தூரத்துல இல்லை. அதுக்காக நம்ம நோயாளிகள் எல்லாரும் தங்களால ஆனதைச் செஞ்சுக்கிட்டு வர்றாங்க."

கைதட்டல். ஊசி டாக்டரம்மாவுக்கும் பேச ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். தன் வைரஸின் பொறுமையைப் பாராட்டினார். அடுத்து ஃபோட்டோ டாக்டர் துணியை இழுத்தார். கறுப்பிலும் வெள்ளையிலும் மாஸ்டரின் தலை. நடுவில் அது. எலுமிச்சைதான், சந்தேகமில்லை.

"இந்த ஓரங்களைப் பாருங்க! என்ன ஒழுங்கு, என்ன நேர்த்தி! எத்தனையோ கட்டிகளைப் பாத்திருக்கேன், இப்படி மனசு வெச்சு வளர்ந்த கட்டியைப் பாத்ததில்லை. இந்தக் கட்டிக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். இதைத் தாங்கிக்கிட்டிருக்கிற பெரியவரோட முழு ஒத்துழைப்புக்கும்தான்."

அக்கா எழுந்தாள். நான் பிடித்து இழுத்தேன், முடியவில்லை.

"அது ஒத்துழைப்பு இல்லை சார். அவருக்குக் கால் போயிடுச்சு."

அக்கா மாஸ்டர் பக்கம் குனிந்தாள்.

"ஏங்க, பிரேக்கை அழுத்துங்க."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"அழுத்துங்கன்னு சொல்றேன்ல."

மாஸ்டர் முகத்தைச் சுருக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். அது கம்பளத்தின் மேல் யாரோ வைத்துவிட்டு மறந்த பொருள் மாதிரி இருந்தது.

"அழுத்திட்டேனே," என்றார் மாஸ்டர்.

ஃபோட்டோ டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். "பிரமாதம்! இந்த நிலைமையை இப்படியே வெச்சிருந்தீங்கன்னா, அம்மா, ஒரு தொடர்ச்சியா இன்னும் சில படங்கள்..."

"நாங்க விலகிக்கறோம்," என்றாள் அக்கா.

"எதுலேருந்து?"

"எல்லாத்துலேருந்தும். விலகிட்டா படத்தை யாருக்கும் காட்டக் கூடாதாமே. துணியைப் போட்டு மூடுங்க. போட்டியிலேருந்தும் எடுத்துடுங்க."

இயக்குநர் என் ஓரகத்தி மகளைப் பார்த்தார். "அப்படி ஒரு விதி இருக்கா?"

"இருக்கு சார். நீங்க எழுதினதுதான்."

"நானா? எதுக்கு எழுதினேன்?"

"நோயாளியோட நலனுக்காகன்னு போட்டிருக்கீங்க, சார்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். திறந்த துணியைத் திரும்ப மாட்ட இரண்டு பேர் நாற்காலி மேல் ஏறினார்கள். துணி ஒரு பக்கம் மாட்டினால் இன்னொரு பக்கம் நழுவியது. ஃபோட்டோ டாக்டர் படத்தின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார், மூடுவதற்கா காப்பதற்கா என்று தெரியவில்லை. அசைவின்மை ஆலோசகர் கூடத்தை மூன்று முறை சுற்றி வந்தார். இயக்குநர் ஒரு தூணுக்குப் பின்னால் இரண்டு துறைத் தலைவர்களையும் கூட்டிவைத்துக் கிசுகிசுத்தார். அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்ததாக ஓரகத்தி மகள் பிறகு சொன்னாள்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, போங்கன்னு சொல்லிட்டா என்னடி பண்றது?" என்றாள், உதடு அசையாமல். "எனக்கு வேற போக்கிடம் ஏது?"

"சொல்லமாட்டாங்க அக்கா," என்றேன். எனக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் மாஸ்டரின் கதை அந்தக் கூடத்திலேயே முடிந்திருக்கும்.

இயக்குநர் திரும்பி வந்தார். முகத்தில் கருணை பொங்கியது.

"அம்மா, நோயாளிதான் எங்களுக்கு முக்கியம். நாளைக்குக் காலையில முதல் வேலையா ஊசி போட்டுடறோம். ஆனா நீங்க விலகக் கூடாது."

"முதல்ல ஊசி. அப்புறம் துணியை எடுங்க."

ஒத்துக்கொண்டார்கள். இரவெல்லாம் படம் மூடியே கிடந்தது. காலையில் மண்டையில் சின்னத் துளை போட்டு, குழாயை இறக்கி, அந்த வேலையில்லாத வைரஸுக்கு ஒருவழியாக வேலை கொடுத்தார்கள். வெளியே வந்த ஊசி டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்லபடியா போய்ச் சேர்ந்துடுச்சு," என்றார். "யாரு?" என்று அக்கா கேட்டாள், ரத்தமே இல்லாத முகத்தோடு. வைரஸைத்தான் சொன்னாராம்.

அதற்குப் பிறகு எடுத்த படங்களில் எலுமிச்சை சுருங்கத் தொடங்கியது. மறையவில்லை, ஆனால் சுருங்கியது. பிறகு ஒரு அளவில் நின்றது. ஓரமெல்லாம் கிழிந்து, நடுவில் ஓட்டை விழுந்து, பார்க்கச் சகிக்கவில்லை என்று ஃபோட்டோ டாக்டர் வருத்தப்பட்டார். அவர் மாஸ்டரோடு பேசுவதையே விட்டுவிட்டார். நம்பிக் கெட்டவர் போல, நடைபாதையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போட்டியில் பழைய படத்துக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு யாருடைய கல்லீரலுக்கோ போயிற்று.

இதெல்லாம் நடந்து முடிந்தபின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் ஓரகத்தி மகள் அந்த மெஷின் ஓட்டுகிற பையனையே கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட்டுவிட்டாள். பையன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் தலைக்குள் பார்த்தவன், அவள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு மட்டும் அத்தனை காலம் எடுத்துக்கொண்டான். ஊசி டாக்டரம்மா குளிர்பெட்டியோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். ஃபோட்டோ டாக்டர் இயக்குநராகிவிட்டார். மாஸ்டரும் அக்காவும் முன்னறை ஸ்கூலை மூடிவிட்டு, வேறு ஊரிலிருக்கும் அக்காவின் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு என் ஜன்னலை நான் அவ்வளவாகத் துடைப்பதில்லை.

கல்யாணத்தில்தான் ஓரகத்தி மகள் எனக்கு ஒன்று சொன்னாள். ஆராய்ச்சியின் இறுதி அறிக்கை வந்துவிட்டதாம். ஊர் மாறிப் போனவர்களையும் உயிர் போனவர்களையும் அதில் ஒரே இனமாகச் சேர்த்து, "தொடர்ச்சிக்குக் கிடைக்காதவர்கள்" என்று போட்டிருக்கிறார்களாம். மாஸ்டர் அதில்தான் இருக்கிறார்.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இவங்க மாஸ்டரைச் செத்தவங்களோட சேர்த்து எழுதிட்டாங்க. நான் போய்ச் சொல்லட்டுமா, ஆள் நல்லா இருக்காருன்னு?"

அந்தப் பக்கம் மாஸ்டர் தன் மைத்துனனோடு மின்விசிறியை நிறுத்துவதா ஓடவிடுவதா என்று கத்திக்கொண்டிருந்தார். மைத்துனனும் கத்தினான். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நீ சும்மா இருடி. சொன்னா மறுபடியும் படம் எடுக்கக் கூப்பிடுவாங்க."